குட் கண்டிஷன் சார்

அவர் பொய் சொல்லமாட்டார். இதை முதலிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது. அவரிடம் பொருள் வாங்கியவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

எங்கள் நங்கநல்லூர் ஃபிளாட்ஸில் மூன்றாவது மாடி. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் இரண்டு பேனா. அதில் ஒன்று விற்பனைக்கு. பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. பழைய பொருள்களை ஏலம் விடும் வாட்ஸ்அப் குழுக்களில் அவர் ‘குட் கண்டிஷன் சார்’. கைக்கடிகாரமோ, ரேடியோவோ, ஃபிலிம் கேமராவோ, எதைப் போட்டாலும் கீழே அந்த இரண்டு வார்த்தையை எழுதாமல் விடமாட்டார்.

"குட் கண்டிஷன்னு போட்டீங்களே, ரேடியோ பாடவே இல்லையே!" என்று ஒருவர் நேரிலேயே சண்டைக்கு வந்தார். சார் பதறவில்லை.

"பாடும்னு எங்கேயாவது எழுதியிருக்கேனா? குட்ங்கறது அபிப்பிராயம் சார். அபிப்பிராயத்துக்குக் கேஸ் போட முடியாது. அதுவும் அறுபது வயசு ரேடியோ. அந்த வயசுல நமக்கெல்லாம் என்ன கண்டிஷன்னு யோசிச்சுப் பாருங்க."

வந்தவர் முழங்காலைத் தடவிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

சார் இந்தத் தொழிலுக்குப் புதியவர் அல்லர். 2004-இல் பாஸி டாட் காம் என்ற இணைய ஏலத் தளத்தை வாங்கி ஈபே இந்தியாவில் கால்வைத்ததே, அந்தக் காலத்து ஆள். 2018 ஆகஸ்டில் ஈபேயின் இந்தியத் தளம் மூடப்பட்டது. கடைதான் மூடியது, சாரின் பீரோ மூடவில்லை. ஃபேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் குடிபெயர்ந்தார். ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் படம் வரும். "பேஸ் 800. இன்க்ரிமென்ட் 50. எண்ட் 9 பி.எம்." அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு யார் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

அவருடைய கலை புகைப்படத்தில் இருக்கிறது. ஒரு பொருளுக்கு எட்டுப் படம் போடுவார். கண்ணாடியில் கீறல் இருந்தால் ஜன்னல் வெளிச்சம் சரியாக அந்த இடத்தில் விழுந்து பளீரென்று அடிக்கும். கேமராவின் மூலை நசுங்கியிருந்தால் அங்கே அவருடைய கட்டைவிரல் இருக்கும். அளவு தெரியட்டும் என்று கையில் பிடித்திருக்கிறாராம். பழகிய உறுப்பினர்கள் இப்போதெல்லாம் பொருளைப் பார்ப்பதில்லை, விரலைத்தான் பார்க்கிறார்கள். "சார், விரலை எடுத்துட்டு ஒரு போட்டோ போடுங்க" என்று கேட்டால் மறுக்காமல் போடுவார். அந்தப் படம் மட்டும் லேசாக ஆடியிருக்கும். வயசாகிவிட்டதல்லவா, கை நடுங்குகிறது.

முக்கியச் சரக்கு எச்எம்டி கைக்கடிகாரம். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் பிறந்தது. ஒரு தலைமுறை மாப்பிள்ளைகளின் மணிக்கட்டை ஆண்டது. எச்எம்டி வாட்சஸை மூடிவிடுவதென்று மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்ததும், டிராயரில் ஓடாமல் கிடந்ததெல்லாம் புதையலாகிவிட்டது. ஜனதா, பைலட், சோனா என்று பேரைச் சொன்னாலே சேகரிப்பவர்களுக்குக் கண் கலங்குகிறது. கிராக்கி வந்தால் கைவேலையும் வரும். மங்கிப்போன டயலைச் சுரண்டி, புதுப் பெயிண்ட் அடித்து, எழுத்தை மறுபடி அச்சிட்டு மாட்டுவதற்கு ரீடயல் என்று பெயர். இப்படித் தேற்றிய கடிகாரங்களுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பட்டம் சூட்டியிருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரம் பிசிறியிருக்கும். நிமிஷக் கோடுகள் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் நிற்கும்.

ரீடயல் செய்வது குற்றமில்லை. சொல்லிவிட்டு விற்றால் வாங்கவும் ஆளுண்டு. சார் என்ன எழுதுவார்? "டயல் சூப்பர் க்ளீன்." அதில் பொய் எங்கே? போன மாதம் அடித்த பெயிண்ட் க்ளீனாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்?

"ரீடயல்னு ஒரு வார்த்தை போட்டுட்டா என்ன சார்?" என்று மாடிப்படியில் மடக்கிக் கேட்டேன்.

"யாராவது கேட்டாங்களா?" என்றார். பிறகு என் அறியாமைக்கு இரங்கிக் குதிரைக் கதையைச் சொன்னார். "1872 ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவு. ஒருத்தன் குதிரையை ஏலத்துல விக்கறான். அதுக்கு உடம்பு சரியில்லைன்னு அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கலை. மோசடியா? இல்லைங்கறது சட்டம். வெள்ளைக்காரன் உதாரணத்தோட எழுதி வெச்சிருக்கான் சார்!"

வீட்டுக்கு வந்து அந்தப் பிரிவைப் படித்தேன். சார் சொன்னது சத்தியம். ஆனால் குதிரை அங்கேயே நின்றுவிடவில்லை. அடுத்த உதாரணத்தில் வாங்குவது விற்பவனின் சொந்த மகள், இப்போதுதான் மேஜரானவள். அவளிடம் குதிரையின் குறையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அதற்கடுத்த உதாரணத்தில் வாங்குபவன் சாமர்த்தியசாலி. ‘நீ மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறதென்று எடுத்துக்கொள்வேன்’ என்கிறான். அப்போது விற்பவன் சும்மா இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். சார் முதல் குதிரையிலேயே ஏறிக்கொண்டு போய்விட்டார்.

பொருளோடு கொஞ்சம் குடும்பக் கதையும் சேர்ந்தால் விலை ஏறும் என்பதும் அவருக்குத் தெரியும். கடிகாரப் படத்தின் கீழே ஒரு வரி போடுவார்: "எங்க தாத்தா கடைசிவரைக்கும் எச்எம்டி தவிர எதுவும் கட்டினதில்லை." அட்சரம் பிசகாத உண்மை. தாத்தா கட்டியது இந்தக் கடிகாரம் என்று யார் சொன்னது? இது பழைய சாமான் கடையில் வாங்கியது.

இந்த நுணுக்கம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2000-இல் கலிஃபோர்னியாவில் ஒருவர் ஈபேயில் ஓர் ஓவியத்தை ஏலத்துக்கு விட்டார். மனைவி அதை வீட்டுக்குள் வைக்க விடவில்லை, குழந்தை மூன்று சக்கர வண்டியை மோதித் துளை போட்டுவிட்டது என்றெல்லாம் எழுதினார். பெரிய ஓவியர் ஒருவரின் கையெழுத்து போல ஏதோ தெரியவும் கூட்டம் பாய்ந்தது. விலை 1,35,805 டாலர். பிறகு பார்த்தால் மனைவியும் இல்லை, குழந்தையும் இல்லை. ஓவியத்தில் முதலெழுத்துகளைப் போட்டதே அவர்தான். சொந்த ஓவியத்துக்குத் தானே ஏலம் கேட்டதும் வெளிவந்து, ஏலம் ரத்தாகி, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தொழிலில் அவர் வக்கீல். "பொய் சொல்லியிருக்கான் பாருங்க, அசடு!" என்று சார் மனப்பூர்வமாக வருத்தப்பட்டார்.

ஆனால் தானே ஏலம் கேட்கும் இடத்தில் மட்டும் சாரும் வக்கீலும் ஒரே கட்சி. தாம்பரத்தில் மச்சான் ஒருவன் இருக்கிறான், மனைவியின் தம்பி. குழுவில் அவனுக்கு ரோஜாப்பூ டி.பி. ஏலம் சூடு பிடிக்காவிட்டால் சாரிடமிருந்து போன் போகும். "ஆயிரத்து நூறு போடு." போடுவான். விற்பவர் தாமும் கேட்பதாக முன்கூட்டி அறிவிக்காமல் தாமோ தம் ஆளை விட்டோ ஏலம் கேட்கக் கூடாது. பாசாங்குக் கேள்வியால் விலையை ஏற்றினால், வாங்கியவர் விரும்பினால் விற்பனையையே ரத்து செய்யலாம் என்கிறது 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு. இந்தப் பக்கம் சாரின் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது.

ஒரு ஞாயிறு, எச்எம்டி பைலட். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் விடாமல் கேட்டு 2,600 வரை வந்துவிட்டார். "போதும், நிறுத்திக்கோ" என்று சார் சொல்ல வாயெடுப்பதற்குள், ஆட்டத்தின் வேகத்தில் மச்சான் 2,650 போட்டுவிட்டான். கோவையிலிருந்து பதில் வந்தது: "காங்கிராட்ஸ் ப்ரோ." மணி ஒன்பது. ஏலம் முடிந்தது.

குழுவின் விதி கறாரானது. வென்றவர் ஒரு நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். பொருள் வந்ததும் படம் போட வேண்டும். இல்லாவிட்டால் வெளியே தள்ளுவார்கள்.

"மாமா, ரூல்ஸ்னா ரூல்ஸ்தானே? வாட்சை அனுப்பிடுங்க" என்றான் மச்சான்.

"பணம்?"

"தீபாவளிச் சீர்ல கழிச்சுக்குங்க."

தன் கடிகாரத்தைத் தானே பார்சல் கட்டி, தானே தாம்பரம் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார் சார். மறுநாள் ரோஜாப்பூவிடமிருந்து குழுவுக்குச் செய்தி: "வாட்ச் கிடைத்தது. ஆறு மணி பக்கம் கண்ணாடியில் விரிசல். போட்டோவில் அந்த இடத்தில் விரல் இருந்தது. டயல் ரீடயல்." அடுத்த நிமிஷம் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் வரிசையாகக் கட்டைவிரல் போட்டார்கள்.

இப்படி உடைத்துச் சொல்ல மச்சானால்தான் முடியும். மற்றவர்கள் பொருளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "ரிசீவ்ட், தேங்க்ஸ் சார்" என்று போட்டுவிடுவார்கள். பெரியவர், எதற்குப் பொல்லாப்பு? இன்னொரு பயமும் உண்டு. நாம் குறை சொன்னால் அவரும் நம்மைக் குறை சொல்வார். ஈபேயிலும் இதே கதைதான் நடந்தது. விற்பவர் பழிக்குப் பழி வாங்குவாரென்று பயந்து வாங்கியவர்கள் வாய் மூடிக் கிடந்ததால், விற்பவர் வாங்குபவருக்குக் கெட்ட மதிப்பெண் போடுவதையே 2008-இல் தடை செய்தார்கள்.

இத்தனைக்கும் நேர்மை என்றால் என்னவென்று சாருக்குத் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. மகளுக்காகப் பழைய மாருதி ஒன்றை வாங்கப்போனார், பார்த்திருக்க வேண்டும். கூடவே மெக்கானிக். கையில் காந்தம், அடிபட்ட இடத்தில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் காந்தம் பிடிக்காது. மிதியடியைத் தூக்கி மழைநீர் புகுந்த கறையைத் தேடினார். ஓடிய கிலோமீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று சர்வீஸ் ரசீதோடு ஒப்பிட்டார். "நல்ல கண்டிஷன் சார்" என்றார் விற்றவர்.

"அதெல்லாம் வேண்டாம். எங்கெங்கே அடிபட்டிருக்கு, அதைச் சொல்லுங்க."

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

"கேட்டாத்தான் சொல்லணுமா? ஒரு நியாயம் வேண்டாம்?" சாரின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

பணிக்காலத்தில் செய்ததும் அதேதான். சர்க்கரை வியாதியை விண்ணப்பத்தில் மறைத்தார்கள் என்று எத்தனை கிளெய்மைத் திருப்பி அனுப்பியிருப்பார்! தெரிந்ததை மறைக்காமல் சொல்வதுதான் காப்பீட்டின் அஸ்திவாரம் என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவர். வாங்குகிற அன்று நேர்மையின் பிரிவும் உட்பிரிவும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். விற்கிற அன்று முதல் குதிரை மட்டுமே நினைவில் நிற்கும்.

இதில் நஷ்டம் வாங்கியவருக்கு மட்டுமல்ல. பழைய கார்ச் சந்தையை வைத்து ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். நல்லது எது, சொத்தை எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், எல்லாவற்றுக்கும் சொத்தை விலையே கேட்பார். நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுவார். எங்கள் குழுவில் நடந்தது அதுதான். இரண்டாவது மாடிக்காரர், சாவி கொடுத்தால் ஓடுகிற, டயலில் கைபடாத பைலட் ஒன்றைப் போட்டார். தொள்ளாயிரத்தைத் தாண்டவில்லை. "எச்எம்டின்னாலே பயமா இருக்கு சார்" என்றார்கள். சாரின் மௌனத்துக்கு வரி கட்டியவர் இவர்.

சாரால் முழு உண்மை பேச முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பழைய மிக்ஸி ஒன்றை விற்க மனமில்லாமல் வேளச்சேரியில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்பினார். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு: "அம்மா, பெரிய ஜார் மூடிக்கு ரப்பர் போயிடுச்சு, கையால அழுத்திப் பிடிச்சுக்கோ. மூணுல வைக்காதே, கருகற வாசனை வரும். சட்னிக்கு ஆகும், இட்லி மாவுக்கு ஆகவே ஆகாது. சின்ன ஜார்ல பிளேடு ஆடுது. ஸ்விட்சை ஈரக் கையால தொடாதே. மோட்டார் மட்டும் நல்ல மோட்டார்."

மகள் ஏற்கெனவே புது மிக்ஸி வாங்கியிருந்தாள். அப்பா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து, தன் அடுக்ககக் குழுவில் ஏலம் விட்டாள். பேஸ் 200. மூன்று பேர் போட்டி போட்டு 950-க்குப் போனது. எடுத்தவர் சொன்ன காரணம்: "மத்ததெல்லாம் சரியில்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப மோட்டார் நல்லாருக்குன்னு சொன்னதை நம்பலாமே!"

உடைந்ததற்கும் ஊரில் ஆளுண்டு. 1995-இல் பியர் ஒமிட்யார் ஈபேயைத் தொடங்கியபோது முதலில் விற்றதே உடைந்த லேசர் பாயின்டர்தான், 14.83 டாலருக்கு. உடைந்தது என்று புரிந்துதான் வாங்குகிறீர்களா என்று அவரே எழுதிக் கேட்டாராம். உடைந்த பாயின்டர்களைச் சேகரிப்பவன் நான் என்று பதில் வந்ததாம்.

950 ரூபாய் விவரத்தை மகள் போனில் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். சார் வெகுநேரம் பேசவில்லை. ஒரு காலத்து கிளெய்ம் அதிகாரிக்குள் ஏதோ அசைவது முகத்தில் தெரிந்தது. மனம் மாறிவிட்டார் என்றே நினைத்தேன். அடுத்த ஞாயிறு ஏழு மணிக்குக் குழுவில் ஒரு கேமராப் படம் வந்தது. கீழே சாரின் வரிகள்:

"பெத்த பொண்ணுக்குச் சொல்ற மாதிரி சொல்றேன். அருமையான பீஸ், விட்டுடாதீங்க. பேஸ் 1,500."