ஹாலில் ஒரு கலந்தாய்வு

பிளஸ் டூ எழுதியது மகள். கட்-ஆஃப் போடுவது நான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக 200. ஏழு தடவை கூட்டிவிட்டேன், ஏறவே மாட்டேன் என்கிறது.

2018 முதல் தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு இணையவழி. சென்னைக்கு அலைய வேண்டாமாம். அதனால் பெரியப்பா, மாமா, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் எல்லாரும் எங்கள் ஹாலுக்கே வந்துவிட்டார்கள். இருவர் மதிப்பெண், பிறந்த தேதி வரை எல்லாமே சமமாக இருந்தால்தான் விண்ணப்பதாரருக்கு ஒதுக்கும் ரேண்டம் எண்ணுக்கு வேலை. மாமா அதையும் கூட்டிப் பார்த்து, “எட்டு வருது மாப்ள, சனி!” என்றார்.

விருப்பப் பட்டியலில் நாற்பது கல்லூரிகள் ஏறின. மேலாளர் சொன்னது பதினெட்டு. கடைசியில் மகளையும் கூப்பிட்டோம். பாஸ்வேர்டு அவளிடம்தான் இருந்தது.