ஒட்டகம் தள்ளாது!

கே: நற்பணிக்கு நிதி திரட்டும் பாலைவனக் கார் பயணத்துக்கு என் பழைய மாருதி 800 தாங்குமா?
— ஒரு வாசகர், பழவேற்காடு

ப: தாராளமாக! மங்கோலியா நோக்கிய நற்பணிக் கார் பயணமாக 2004-ல் தொடங்கிய மங்கோல் ராலிக்கு இங்கிலாந்திலிருந்து 1,000 சிசிக்கு உட்பட்ட ஓட்டைக் கார்களில்தான் கிளம்பினார்கள். உங்களுடையது 796 சிசி. ஓட்டை உபரித் தகுதி!

முதலில் அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். ஏரிக்கரை உப்புக்காற்று தின்றது போக மிச்சமிருந்தால் வெல்டிங். அடுத்து ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட் இரண்டையும் மாற்றுங்கள். புழுதிக்கு ஏர் ஃபில்டர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மணலில் சிக்கினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் இன்னும் புதையும். டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்தால் அகலமாகப் படிந்து மேலேறும்.

ஒத்திகையை உங்கள் ஊருக்குப் பக்கத்து லைட் ஹவுஸ் குப்பம் கடற்கரை மணலிலேயே முடித்துவிடுங்கள். அங்கே படகு தள்ளுகிறவர்கள் காரையும் தள்ளுவார்கள். கோபி பாலைவனத்தில் ஒட்டகம் வேடிக்கைதான் பார்க்கும்!