சாரமும் சப்பாத்தும்: கதிர்காமப் பாதயாத்திரையை முன்வைத்து ஓர் ஆய்வு

விபுலாநந்த அடிகள் யாழுக்கு ஒரு நூல் செய்தார். 1947இல் அது வெளிவந்தது. பண்டிதர் வி.சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் முழுவதையும் ஒரு நூலுக்குள் அடக்கினார். இத்தனைக்கும் பிறகு, கச்சான் காற்றடிக்கும் ஆனி மாதத்தில் கதிர்காமத்துக்கு நடக்கப் புறப்படுகிறவன் இடுப்பில் எதைக் கட்டுவது, காலில் எதைப் போடுவது, தோளில் எதைத் தூக்குவது என்ற வினா ஆய்வுலகில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. போகாவிட்டால் பழி காற்றுக்கு.

முதலில் களம். செல்வச்சந்நிதியிலிருந்து வேலோடு புறப்படும் கூட்டம் ஒரு மாதத்துக்கு மேல் நடந்துதான் கதிர்காமம் சேரும். மட்டக்களப்பார் வெருகலிலோ சித்தாண்டியிலோ மாமாங்கத்திலோ சேர்ந்துகொள்வர். லீவு கிடைக்காதவர் உகந்தைவரை பஸ்ஸில் போய், குமண, யால காட்டுப்பாதையை மட்டும் நடப்பர். ஊருக்குத் திரும்பியதும் அவர்களும் ‘நடந்து போனேன்’ என்றே சொல்வர், அதை யாரும் குறுக்குவிசாரணை செய்வதில்லை. வாவிக்கரையோரம் தெற்கே நடப்பவனுக்குக் காலையில் எழுவான்கரை வெயில் இடக்கன்னத்தில், பின்னேரம் படுவான்கரை வெயில் வலக்கன்னத்தில். நடுவில் கச்சான். தென்மேல் பருவக்காற்று தன் மழையெல்லாவற்றையும் மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, சூடும் வறட்சியுமாக நம் பக்கம் இறங்குகிறது.

இதனால் குளிர்நாட்டு மலையேறிகளின் சாத்திரம் இங்கே எடுபடாது. நனைந்த பருத்தி ஆளைக் கொல்லும் என்பது அவர்கள் வேதவாக்கு. அங்கே சரி. ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். அந்த வெப்பத்தைத் தொலைப்பதுதான் நமக்கு வேண்டியது. கிணற்றடியில் நனைத்துத் தலையில் போட்ட சாரத்தைக் கச்சான் காயவைத்து முடிப்பதற்குள் அடுத்த கிணறு வந்துவிட வேண்டும். அவ்வளவே இத்துறையின் வெப்பஇயக்கவியல்.

சாரத்தை விரிவாகப் பார்க்க வேண்டும். மருதமுனை நெசவுச் சாரமாயின் நன்று. மூட்டிய சாரமாயிருத்தல் கட்டாயம். மூட்டாத துணி வெறும் துணி. மூட்டினால் இருபுறமும் திறந்த ஒரு குழாய் கிடைக்கிறது, அதில்தான் சூட்சுமம் முழுதும். ஒரு முனையைக் கட்டினால் பை. இரண்டையும் கட்டித் தோளில் போட்டால் பெரிய பை. இரவில் தலையோடு உள்ளே புகுந்தால் நுளம்புவலை. சுருட்டி உச்சியில் வைத்தால் சும்மாடு. கலங்கிய தண்ணீருக்கு வடி. மரக்கிளையில் கட்டினால் பிள்ளைக்கு ஏணை. மாணிக்க கங்கையில் ஆயிரம் பேர் நடுவே மேல்விளிம்பைப் பல்லால் கவ்வி, உள்ளே நனைந்ததை நழுவவிட்டுக் காய்ந்ததை ஏற்றிக் கட்டும் அந்த ஒரு நிமிடம், உடைமாற்றும் அறையும் அதுவே. அந்த நேரத்தில் ஒருவரிடம் நலம் விசாரிக்கக் கூடாது. பதில் சொல்ல வாய் திறந்தால் ஆய்வு முறைகேடாகிவிடும்.

நிறத்தில் காவியா வெள்ளையா என்ற சர்ச்சை உண்டு. 1980இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது: பாலைவனத்து பெதூயின்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று. ஓர் ஆளை வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். கறுப்பு கூடுதல் வெப்பத்தை வாங்குகிறது. ஆனால் தளர்ந்த அங்கிக்குள் ஓடும் காற்று அதைத் தோலைத் தொடுமுன்பே தூக்கிப்போய்விடுகிறது. தோலுக்கு வந்துசேரும் சூடு கறுப்பிலும் வெள்ளையிலும் ஒன்றே. ஆக, நிறமல்ல, தளர்வுதான் விடயம். இறுக்கமான களிசான் இத்தோடு போட்டியிலிருந்து விலகுகிறது. துணிக்குச் சமய மரியாதையும் உண்டு: மண்டூரில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டே பூசை செய்கிறார். களிசானுக்கு அப்படியொரு பதவி எங்கும் இல்லை.

காலணியில் மூன்று மரபுகள். வெறுங்கால் மரபு நேர்த்திக்காரருடையது. நண்பகல் தாரும் நெருஞ்சியும் அவர்களோடு வாதாடிப் பார்க்கும், அவர்கள் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள். சப்பாத்து மரபு உகந்தை தாண்டியதும் மணலில் முடிகிறது. ஒவ்வொரு சப்பாத்தும் கால்கிலோ மணலைச் சுமக்கத் தொடங்கும். கும்புக்கன் ஆற்றில் கழற்றிக் கழுத்தில் மாலையாகப் போடவேண்டி வரும். காலில் ஒரு கிலோ முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று மலையேறிகள் சொல்வார்கள். கழுத்தில் எத்தனை என்று அவர்கள் கணக்கிடவில்லை. நடுநிலை மரபு பாட்டா. வார் அறுவது அதன் ஊழ். குமிழ் ஓட்டையை விட்டுக் கழன்றால், அடிப்பக்கம் அதை இழுத்து, குறுக்கே ஒரு சட்டைப் பின்னைக் குத்திவிட்டால் கதிர்காமம்வரை போகும். யாத்திரைக்காரர் சட்டையில் இரண்டு மூன்று பின் குத்தியிருப்பது இதற்காகவே.

இனிப் பை. ஒவ்வொரு கூட்டத்திலும் சுவிஸ் மாமா அனுப்பிய பையோடு ஒரு தம்பி வருவான். ஒரு சீலைப்பொதியோடு ஓர் அம்மம்மாவும் வருவா. பொதிக்குள் மாற்றுச் சீலை, அவல், விபூதி. அவ்வளவுதான். பையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மம்மா கேட்பா: “இதுக்குள்ள ஆரு மனே இருக்கிறா?”

பாரம் குறைத்து நடப்பதை மேலைநாட்டார் இப்போது ஒரு கலையாகப் பயில்கிறார்கள். அவர்கள் கொண்டாடும் முன்னோடியும் ஓர் அம்மம்மாதான். எம்மா கேட்வுட், வயது 67, 1955இல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல். தானே தைத்த துணிப்பை ஒன்று தோளில், காலில் கன்வஸ் சப்பாத்து, மழைக்குக் குளியலறைத் திரை. கூடாரமும் இல்லை. ஆனால் புகழ்பாடுவோர் மெல்லக் கடந்துபோகும் செய்தி ஒன்று: வழியில் கதவைத் தட்டினார்; சோறும் படுக்கையும் பல இடங்களில் முன்பின் அறியாதவர் தந்தார்கள்.

இங்கேதான் இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. காட்டுக்குள் இரண்டாம் இரவு அம்மம்மாவுக்குக் கால் உளைகிறது. சித்தாலேபை தம்பியின் பையிலிருந்து வருகிறது. பனடோல் அங்கிருந்து. ரோச் லைற் அங்கிருந்து. உண்ணி பிடுங்கும் இடுக்கியும் அங்கிருந்தே. தம்பிக்குச் சோறாக்கவும் தெரியாது, தண்ணீர் எந்த மணலில் ஊறும் என்றும் தெரியாது, இரண்டும் அம்மம்மாவிடமிருந்து. அவவின் பொதி லேசானது அவன் பை பாரமானதால். அவன் பசியாறியது அவ தலைக்குள் கொண்டுவந்த சரக்கால். ஆளுக்காள் பையைத் தராசில் வைத்து நிறுப்பது ஆய்வுப் பிழை. கூட்டத்தையே ஒன்றாக நிறுக்க வேண்டும்.

திரும்பும் பயணத்துக்கு இக்கோட்பாடுகள் பொருந்தா. கதிர்காமக் கடைத்தெருவில் அம்மம்மா பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தொதல் பார்சல், மஸ்கட், காப்பு, மணிமாலை என்று வாங்குவா. பொதியில் இடமிராது. மட்டக்களப்பு பஸ் ஏறுமுன் தம்பியின் பை அவிழும். சப்பாத்தை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் தொதலை அடுக்குவார்கள்.