ஓ என்றால் அப்பா பேரா?

எங்கள் குடும்பப் பெயர் ஓர் ஐரிஷ் பெயர். முழுவதையும் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் வருகிற ஞாயிறு ஆலயத்தில் மூன்று பெஞ்சுக்காரர்கள் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள். முதலில் ஓர் 'ஓ', அதன் தோளில் தொத்திக்கொண்டு ஒரு சின்னக் கொக்கி, பிறகு மிச்சப் பெயர். இந்த அடையாளம் போதும்.

எங்கள் ஊரான நெய்யூரில் இது விசேஷமே அல்ல. 1828-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் இங்கே வந்து குடியேறிய நாளிலிருந்து எங்கள் பெயர்களில் கப்பல் வாசனை உண்டு. திங்கள்சந்தையில் நின்று "சாமர்வெல்!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவரும் மீன்கடையிலிருந்து ஒருவரும் திரும்புவார்கள். 1924-ல் ஆக்ஸிஜன் இல்லாமல் எவரெஸ்டில் 28,000 அடி வரை ஏறியவரும், நெய்யூர் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காகக் கத்தி பிடித்தவருமான டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல்லின் பெயர் அது. நம்ம ஆட்கள் இருவருக்கும் வேளிமலை ஏறவே மூச்சு வாங்கும். 1806-ல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயின் பெயரை வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஜெர்மன் மொழியில் அது ஒரு காட்டுப்புறாவின் பெயர் என்பதை அவர்களிடம் நான் சொன்னதில்லை. உறவு முக்கியம்.

எங்கள் பெயருக்கு வந்த சோதனை அந்தக் கொக்கிதான். அப்பா காலத்தில் ரேஷன் கார்டு எழுதியவர் பேனாவை நிறுத்திவிட்டு, "இந்த ஓ என்னது, அப்பா பேரா?" என்று கேட்டிருக்கிறார். வெயிலில் வரிசை நின்று களைத்திருந்த அப்பா, "ஆமா" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இனிஷியல் ஓ. அப்பாவுக்கும் ஓ, எனக்கும் ஓ, வாழ வந்த அம்மாவுக்கும் ஓ. ஆதார் வந்தபோது அந்த ஓ பூஜ்யமாகிவிட்டது. பூஜ்யத்தை முன்னால் போட்டால் மதிப்பு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

"நம்ம மூத்த பாட்டா அயர்லாந்து துரையாக்கும்" என்பது வீட்டு ஐதிகம். அதற்குச் சாட்சி சித்தப்பாவின் பூனைக்கண். கல்யாண வீடுகளில் அவரை வெளிச்சத்தில் நிறுத்திக் காட்டுவார்கள். ஒரு நாள் பார்வை மங்குகிறது என்று கண் டாக்டரிடம் போனோம். "பூனைக்கண்ணும் இல்ல, புலிக்கண்ணும் இல்ல, புரை" என்று சொல்லி அவர் அரைமணி நேரத்தில் எடுத்துப் போட்டார். எங்கள் ஐரிஷ் வம்சத்துக்கு இருந்த ஒரே மருத்துவ ஆதாரம் அன்றோடு போயிற்று.

இந்த நிலையில்தான் டப்ளினில் நர்சாக இருக்கும் மகள், "அப்பா, ஒரு மாசம் வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டாள். 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கிய பிறகு, கடல் தாண்டி டாக்டர்கள் இங்கே வந்துகொண்டே இருந்தார்கள். இப்போது நாங்கள் நர்சுகளை அனுப்பிக் கடனை அடைக்கிறோம். வட்டியும் சேர்த்துத்தான்.

கிளம்பும் முன் வீட்டில் ஜெபம். முடிந்து சாயா குடிக்கும்போது எங்கள் சபை ஐயர் மெதுவாகச் சொன்னார்: "ஐரிஷ் ரத்தம் எல்லாம் இருக்காது, வாத்தியாரே. அந்தக் காலத்தில் சீமையிலிருந்து வருஷத்துக்கு 10 பவுண்டு அனுப்பினால் இங்கே ஓர் உபதேசியாருக்குச் சம்பளம் ஆகும். பணம் அனுப்புகிறவர், தனக்குப் பிடித்த பெயரை அந்த உபதேசியாருக்கு வைக்கச் சொல்லலாம். உங்க மூத்த பாட்டா உபதேசியார்தானே?"

நான் சாயாவை ஆற்றிக்கொண்டே இருந்தேன். டிக்கெட் போட்டாகிவிட்டது. அதுவும் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்.

டப்ளின் தேசிய நூலகத்தில், பூர்வீகம் தேடி வருகிறவர்களுக்கு இலவசமாக வழிசொல்ல ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் ஆறு அமெரிக்கர்கள். எல்லோருக்கும் ஒரு பாட்டா பஞ்சத்தில் கப்பல் ஏறியிருந்தார். என் முறை வந்ததும் அந்த அம்மாள் என் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பெயரைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லை. நல்ல பயிற்சி.

"உங்கள் முன்னோர் எந்த வருஷம் அயர்லாந்தை விட்டுக் கிளம்பினார்?"

"அவர் கிளம்பவே இல்லை, அம்மா. பெயர் மட்டும்தான் கிளம்பியது."

இந்தப் பதிலுக்கு அவரிடம் படிவம் இருக்கவில்லை. நான் பவுண்டுக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, மூன்று செய்திகளைச் சொன்னார். ஒன்று: 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில், 1821 முதல் 1851 வரை எடுத்த குடிக்கணக்கில் பெரும்பகுதி சாம்பல். இரண்டு: அடுத்த நாற்பது வருஷக் கணக்கை அரசாங்கமே அழித்துவிட்டது. நம்ம ஊரில் இந்த வேலைக்கெல்லாம் கரையான் போதும். மூன்று: லண்டன் மிஷன் காகிதங்கள் லண்டனில் இருக்கும். பணம் கொடுத்தவர் யார் என்று தெரிய வேண்டுமானால் நான் வந்திருப்பது தப்பான நாடு.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "ஆவணம் எரிந்துவிட்டது" என்று போட்டேன். "அப்ப சொத்து இருந்திருக்கு!" என்று சித்தப்பா உடனே பதில் போட்டார்.

அதற்குப் பிறகு தேடலை விட்டுவிட்டு ஊர் சுற்றினோம். அயர்லாந்தில் எனக்கு அந்நியமாக ஒன்றும் தெரியவில்லை. மழை பெய்கிறது. பெய்யாத நேரத்தில் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். சாயா குடிக்கிறார்கள். முன்பின் தெரியாதவனை நிறுத்தி, எந்த ஊர், யார் பிள்ளை என்று விசாரிக்கிறார்கள். அப்புறம் கிழங்கு. ஒரு ஓட்டலில் என் தட்டில் உருளைக்கிழங்கு அவித்து ஒரு பக்கம், மசித்து ஒரு பக்கம், பொரித்து ஒரு பக்கம் இருந்தது. எனக்குக் கண் கலங்கிற்று. நம்ம மரச்சீனியும் இப்படித்தான்: அவித்தது, மயக்கியது, சீவிப் பொரித்தது. இரண்டுமே தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்குகள். மரச்சீனி வயிற்றுப்பசிக்கு உதவும் என்று திருவிதாங்கூரில் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா. அயர்லாந்தில் 1845-ல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தபோது பத்து லட்சம் பேர் செத்தார்கள். அவர்கள் கிழங்கைத் தட்டில் மிச்சம் வைப்பதில்லை. நானும் வைக்கவில்லை. மீன் குழம்பு மட்டும் இருந்திருந்தால் அங்கேயே மனை பார்த்திருப்பேன்.

வடக்கே ஆன்ட்ரிம் போனோம். தீவு ஒன்று, நாடு இரண்டு, விசா விஷயம் வேறு. எல்லையில் பஸ்ஸில் ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை. பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறியது, அவ்வளவுதான். களியக்காவிளை தாண்டினால் எழுத்தாவது மாறும்.

ஆன்ட்ரிம் போனதற்குக் காரணம் உண்டு. 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதிய கால்டுவெல் 1814-ல் பிறந்தது அந்த ஊர்ப் பக்கத்தில் உள்ள கிளேடியில். எங்களுக்கு அவர் மருமகன் முறை: நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள் எலைசாவை 1844-ல் கட்டியவர். டாக்ஸிக்காரரிடம் பெருமையாக, "உங்க ஊர்க்காரருக்கு எங்க மெரினா கடற்கரையில் சிலை இருக்கு" என்றேன். "எந்தக் கிளப்புக்கு ஆடினார்?" என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியில் ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில்தான் அது நடந்தது. பாசி பிடித்த ஒரு கல்லில் எங்கள் பெயர். ஓவும் இருந்தது, கொக்கியும் இருந்தது. பூஜ்யமாகாத எங்கள் பெயரை நான் முதல்முறையாகப் பார்த்தேன். பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினேன். "மக்கா, கல்லு நம்ம பேர்லதானே இருக்கு? எத்தனை சென்ட் வரும்?" என்று சித்தப்பா.

அங்கே தன் வீட்டார் கல்லறையில் புல் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். ரேஷன் கார்டிலிருந்து ஆதார் வரைக்கும் அவரிடம் கொட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, "அந்த ஓவுக்கு எங்கள் மொழியில் அர்த்தம் உண்டு தெரியுமா?" என்றார். "பேரன். இன்னாரின் பேரன் என்பதுதான் உங்கள் பெயர்."

நான் அந்த ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். தமிழிலும் அதே கதைதானே! தாத்தா பெயரைச் சுமக்கிறவன் பெயரன், அவன்தான் பேரன். கால்டுவெல் கண்டிப்பானவர், தற்செயல் என்று அடித்துவிடுவார். எனக்கு ஆட்சேபம் இல்லை. சரி, நான் யாருடைய பேரன்? கல்லுக்கு அடியில் கிடக்கிறவருக்கு நெய்யூர் எந்தத் திசையில் என்றே தெரிந்திருக்காது. மூத்த பாட்டா பிறந்த திருவிதாங்கூரில் அவர் சாதிக்காரர்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. அவர் வீட்டுப் பெண்கள் மேல்சீலை போடலாம் என்று அரசாணை வந்ததே 1859-ல்தான். அப்படிப்பட்ட மனுஷனுக்குக் கடல் தாண்டி ஒரு பெயர் வந்தது. குப்பாயம் மாதிரி எடுத்துப் போட்டுக்கொண்டார். அளவு பார்க்கவில்லை. கொக்கியும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஆதார் திருத்தப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பிள்ளைக்கு என் மகள் வயசுதான் இருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "சார், இந்த ஓ என்னது, அப்பா பேரா?"

அறுபது வருஷமாக எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத பதில் என் கையில் இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இல்ல மக்களே. பேரன்."

"பேரன் பேரை எல்லாம் இனிஷியலா போட முடியாது சார். அடுத்த ஆள் வாங்க."