தமாஷ் மாமா

தமாஷ் மாமாவை அடையாளம் காண்பது எளிது. வந்து இறங்கும் உறவுக்காரர்களை வரவேற்கும் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பார். கொஞ்சம் சதை போட்டுவிட்ட பெண்ணைப் பார்த்ததும், "அடடே, வாம்மா! போன தடவை ஒரு ஆளா வந்தே, இப்ப ரெண்டு ஆளா வந்திருக்கே!" என்பார். அவள் முகம் சுருங்குவதற்குள் அவரே சிரித்தும் முடித்துவிடுவார். பிறகு, "கோச்சுக்காதேம்மா, சும்மா தமாஷுக்கு" என்று ரசீது கிழித்துக் கொடுப்பார். குத்து முதலில், சிரிப்பு அடுத்து, ரசீது கடைசியில். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

மாமா என்று சொன்னது வசதிக்காக. அலுவலகத்தில் அவர் சீனியர் அசிஸ்டென்ட். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கப் பொருளாளர். கல்லூரி விடுதியில் மீசை அரும்பிய பையன். ஆள் மாறினாலும் சரக்கு மாறாது. கறுப்பு, குண்டு, குள்ளம், வழுக்கை, திக்குவாய், இன்னும் கல்யாணமாகாதவர், கல்யாணமாகிப் பிரிந்தவர். எல்லாம் தீர்ந்துபோனாலும் கைவசம் எப்போதும் இருப்பு உள்ள சரக்கு ஒன்று உண்டு: மனைவி. "எங்க வீட்டுல ஹோம் மினிஸ்டர் சொல்லிட்டா அப்பீலே கிடையாது" என்று அத்தையை வைத்துக்கொண்டே அறிவிப்பார். அந்த ஹோம் மினிஸ்டர் அப்போது அவருக்கு மாத்திரையும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருப்பார்.

இந்தக் கலையில் மாமாவுக்குக் குரு தொலைக்காட்சி. 2005-இல் விஜய் டி.வி.யில் வந்த 'கலக்கப்போவது யாரு?', சன் டி.வி.யின் 'அசத்தப்போவது யாரு?', அவற்றைப் பார்த்துப் பிறந்த அத்தனை சிரிப்பு மேடைகளும் அவர் படித்த பள்ளிக்கூடங்கள். அந்த மேடைகளில் நிஜமான திறமைசாலிகள் நின்றார்கள். ஒரே மூச்சில் அரை டஜன் நடிகர்களின் குரலைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. சிவகார்த்திகேயன் அங்கிருந்துதான் சினிமாவுக்குப் போனார். மாமாவுக்கு அந்த வித்தையெல்லாம் படியவில்லை. சரக்கு குறையும்போது இந்த மாதிரி மேடைகள் கைவைக்கும் மலிவுப் பெட்டி ஒன்று இருக்கிறதே, அது மட்டும் படிந்தது. புடவை கட்டி இடுப்பை ஒடித்து வரும் ஆண், நிறத்தை வைத்து ஒரு வரி, உடம்பை வைத்து ஒரு வரி, தொகுப்பாளினியிடம் கொஞ்சம் வழிசல். நடுவர்கள் நாற்காலியில் புரண்டு சிரிப்பார்கள். மாமா சோபாவில் புரண்டு சிரிப்பார். மறுநாள் காலை அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அதே வரி விநியோகமாகும்.

"நான் என்ன யோசிச்சா பேசறேன்? வாயில வந்துடுது" என்பது மாமாவின் நிரந்தர வாக்குமூலம். இதை நம்புவதுதான் கஷ்டம். யோசிக்காத வாய்க்கு இத்தனை துல்லியமான மரியாதைக் கணக்கு எப்படி வரும்? ஜெனரல் மேனேஜரின் வழுக்கையைப் பார்த்தால், "சாருக்கு நெத்தியிலேயே ஞானம் தெரியுது" என்பார். வாசலில் நிற்கும் செக்யூரிட்டியின் வழுக்கை அதைவிடச் சின்னது, ஆனால் அவரிடம், "உன் தலை இருக்கறப்ப போர்டிகோவுக்கு எதுக்குய்யா லைட்டு?" என்பார். வீட்டு ஓனரின் மகன் திக்கிப் பேசினால் வாக்கியம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். அதே திக்கல் தண்ணீர் கேன் போடும் பையனுக்கு இருந்தால் கூடவே தானும் திக்கிக் காட்டுவார். சம்பந்தி வீட்டார் பக்கம் மட்டும் வாயே திறக்காது. எதிரில் இருப்பவர் மேலதிகாரியா, கடன் கொடுத்தவரா, திருப்பிக் கொடுக்கக்கூடியவரா என்று மூன்று சோதனைகளைத் தாண்டித்தான் ஒரு தமாஷ் அவர் வாயிலிருந்து விழுகிறது. அரசாங்க ஃபைல்கூட இத்தனை கவனமாக நகராது.

வாதம் என்று வந்தால் மாமா தொல்காப்பியம்வரை போவார். "நகை பிறக்கறதுக்கு நாலு காரணம்னு தொல்காப்பியர் சொல்றார். அதுல முதல் காரணமே எள்ளல்தான், தெரியுமோ?" தெரியும். ஆனால் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்றுதான் மெய்ப்பாட்டியல் சொல்கிறது. எள்ளியவருக்கு மன்னிப்புச் சீட்டு எதுவும் அதில் எழுதித் தரப்படவில்லை. விளையாட்டாக இகழ்ந்தாலும் அது நோகத்தான் செய்யும் என்று வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் சொல்லியே விட்டார். இதைச் சொன்னால் மாமா சங்கத்தமிழை அப்படியே விட்டுவிட்டுக் கோடம்பாக்கத்துக்குப் பஸ் ஏறிவிடுவார். "கவுண்டமணி செந்திலை எட்டி எட்டி உதைச்சாரே, ஊரே சிரிச்சுதே?"

சிரித்தது. நிறத்தையும் உருவத்தையும் வைத்து அப்போது சொன்ன அடைமொழிகள் சில இன்று கேட்டால் நெருடவும் செய்கின்றன. ஆனால் 1989-இல் வந்த 'கரகாட்டக்கார'னின் வாழைப்பழத்தை நினைத்துப் பாருங்கள். அதில் ஜெயிப்பது யார்? இன்னொரு பழம் எங்கே என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிப்போகிறவர் உதைக்கிற கவுண்டமணி. முகத்தில் ஒரு தசை அசையாமல் நின்று அவரைப் பைத்தியமாக அடிக்கிறவர் உதை வாங்கும் செந்தில். அங்கே இரண்டு பக்கமும் பந்து போய் வந்தது. மாமாவின் ஆட்டத்தில் பந்து போகும், திரும்பி வராது.

எங்கள் பெரியம்மா மகள் ஒரு சேனலில் எடிட்டர். தீபாவளிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது அவளிடம் மாமா ஆதரவு திரட்டப் பார்த்தார். "நீயே சொல்லும்மா, ஷோவுல எல்லாம் கேஷுவலாத்தானே பேசிக்கறாங்க? வாய் தவறி ஒண்ணு வந்துட்டா அதைப் போய்ப் பெரிசுபடுத்தலாமா?"

"கேஷுவலா எதுவும் வராது மாமா. அந்த ஜோக்கை முதல்ல ஒருத்தர் உட்கார்ந்து எழுதணும். இன்னொருத்தர் படிச்சுட்டு நல்லாருக்குன்னு சொல்லணும். ரிகர்சல்ல சொல்லிப் பார்ப்பாங்க. ஷூட்டிங் முடிஞ்சு என் மேஜைக்கு வரும். எந்த இடத்துல யார் சிரிக்கிற முகத்தைக் காட்டறதுன்னு நான் வெட்டி ஒட்டணும். சிரிப்புச் சத்தம் பத்தலைன்னா ஏத்தணும். அப்புறம் சேனல்ல பார்த்து ஓகே பண்ணணும். எல்லாத்துக்கும் மேல, அதே ஜோக்கை ப்ரோமோவுல போட்டு வாரம் பூரா ஓட்டுவாங்க. இத்தனை பேர் கையில புரண்டு வந்ததை வாய் தவறி வந்ததுன்னு சொன்னா, அது யாரோட வாய் மாமா?"

மாமா ஒரு முறுக்கை உடைத்து யோசித்தார். "சரி, எடிட் பண்ணாம வந்தா?"

அதற்கும் உதாரணம் இருக்கிறது. 2011 ஜனவரியில் இங்கிலாந்தின் ஸ்கை ஸ்போர்ட்ஸில் ஆண்டி கிரே, ரிச்சர்ட் கீஸ் என்ற இரண்டு தமாஷ் மாமாக்கள் இருந்தார்கள். வுல்வ்ஸ், லிவர்பூல் கால்பந்து ஆட்டம். எல்லைக் கோட்டில் கொடி பிடிக்கும் துணை நடுவராக ஷான் மாஸி என்ற பெண். பொம்பளைக்கு ஆஃப்சைடு விதி எங்கே தெரியப்போகிறது என்று இருவரும் பேசிச் சிரித்தது ஒளிபரப்பாகவில்லை; ஆனால் பதிவாகி வெளியே வந்துவிட்டது. ஆஃப்சைடு விஷயத்தில் அன்று அந்தப் பெண் எடுத்த இக்கட்டான முடிவு சரி என்பதுதான் வேடிக்கை. கிரேயின் வேறொரு வீடியோவும் வெளியாக, அவருக்கு வேலை போயிற்று. கீஸ் ஒரு வானொலிப் பேட்டியில், எல்லாம் வெறும் கேலிப் பேச்சுதான் என்று விளக்கம் கொடுத்துவிட்டு, அன்றே ராஜினாமா செய்தார். ஆக, ரசீது கிழிக்கும் பழக்கம் கடல் கடந்தும் இருக்கிறது. அங்கே அது செல்லாமல் போயிற்று.

மாமாவை உண்மையாகவே கலங்கவைத்தது ஹர்திக் பாண்டியா கதைதான். 2019 ஜனவரியில் 'காபி வித் கரண்' நிகழ்ச்சியில் பாண்டியா பெண்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கே.எல்.ராகுலையும் சேர்த்து கிரிக்கெட் வாரியம் இடைநீக்கம் செய்து, ஆஸ்திரேலியாவிலிருந்து ஊருக்குத் திரும்ப வைத்தது. நிகழ்ச்சியின் போக்கில் கொஞ்சம் அடித்துச்செல்லப்பட்டுவிட்டேன் என்கிற பாணியில் பாண்டியா மன்னிப்புக் கேட்டார். ஏப்ரலில் வாரியத்தின் குறைதீர்ப்பாளர் நீதிபதி டி.கே.ஜெயின் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னார்: பணியில் உயிர்நீத்த துணை ராணுவக் காவலர்கள் 10 பேரின் குடும்பங்களுக்குத் தலா 1 லட்சம், பார்வையற்றோர் கிரிக்கெட் வளர்ச்சி நிதிக்கு 10 லட்சம். "ஒரு பேச்சுக்கு 20 லட்சமா!" என்று மாமா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். தன்னுடைய இத்தனை வருஷச் சரக்கை அந்த விலைக்கு மனக்கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார் போல. அன்று இரவு சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

சட்டத்தில் தமாஷுக்குத் தனிச் சலுகை இருக்கும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6-ஆம் விதி நிகழ்ச்சிகளுக்கான நெறிமுறையைச் சொல்கிறது. நல்ரசனைக்கும் நாகரிகத்துக்கும் ஒவ்வாதது கூடாது, பெண்களை இழிவுபடுத்துவது கூடாது, குறிப்பிட்ட இனத்தையோ மொழியினரையோ வட்டாரத்தினரையோ ஏளனமாகக் காட்டுவது கூடாது. 'சிரிப்பு நிகழ்ச்சி நீங்கலாக' என்று எங்கேயும் இல்லை. 2024 ஜூலையில் 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் நுட்பமாகப் பிரித்தது. மாற்றுத்திறனைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, மாற்றுத்திறனாளியை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு என்றது. நீதிபதிகளுக்கும் சிரிக்கத் தெரியும் என்பதும், எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்கவும் தெரியும் என்பதும் மாமாவுக்கு ஒரே நாளில் கிடைத்த இரண்டு அதிர்ச்சிகள்.

கேலியே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நலங்கில் பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பாட்டாலேயே கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த பாட்டில் சம்பந்தியம்மாளைப் பிடித்துக்கொள்வார்கள். தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவை அவன் சபையிலேயே நக்கலடிப்பான். மச்சானை மச்சான் ஓட்டலாம்; முறைப்பெண் மாமன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றலாம். ஒவ்வொன்றுக்கும் இடமும் முறையும் உண்டு. தாய்மாமன் கேலி செய்தால் பொறுத்துக்கொள்கிறோம் என்றால், காதுகுத்துக்கு மடி கொடுத்தவரும் சடங்குக்குச் சீர் சுமந்து வந்தவரும் அவர் என்பதால்தான். தமாஷ் மாமா கேட்பதோ சீர் செலவில்லாத மாமன் உரிமை. அதுவும் ஊரில் உள்ள அத்தனை பேர் மீதும். தொகுப்பாளர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அன்று காலை அறிமுகமான போட்டியாளரின் நிறத்தை ஊரறியச் சொல்லிவிட்டு, "நாமெல்லாம் ஒரே ஃபேமிலிதானே" என்று தோளில் கைபோடுகிறார்கள்.

போட்டியாளரே சிரித்துவிட்டாரே என்பார்கள். அவருக்கு அது பிழைப்பு. சிரிக்காவிட்டால் அடுத்த வாரம் யார் கூப்பிடுவார்கள்? அந்த வரி போய்ச் சேரும் இடம் வேறு. ஞாயிறு இரவு மேடையில் விழுந்த பட்டப்பெயர், திங்கள் காலை ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தலையில் ஏறி உட்காருகிறது. அவள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. ரசீது கிழித்துக் கொடுக்க அங்கே ஒருவரும் வரப்போவதும் இல்லை.

கால மாற்றத்தைப் புரிந்துகொண்டு மாமாவும் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறார். சிரிப்பு நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் 'யார் மனதையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை' என்று ஓர் அட்டை காட்டுகிறார்கள் அல்லவா, அதே மாதிரி அவரும் இப்போது முதலிலேயே, "தப்பா எடுத்துக்காதேப்பா" என்று ஆரம்பிக்கிறார். ரசீதை முன்கூட்டியே கிழித்துவிடுகிறார். அடுத்து வரப்போவது என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

பெரியம்மா மகள் கடைசியில் ஒரு பந்தயம் கட்டினாள். "மாமா, வர்ற வெள்ளிக்கிழமை நம்ம வீட்டு கிரகப்பிரவேசம். தமாஷ் பண்ணுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா உங்களுக்கு மேல இருக்கறவங்களை மட்டும்தான் பண்ணணும்."

"இவ்வளவுதானே?" என்று மாமா மீசையை நீவிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜெனரல் மேனேஜர் வந்தார். ஞான நெற்றி டியூப்லைட்டில் பளபளத்தது. மாமாவுக்கு வீட்டுக்கடன் கொடுத்த பேங்க் மேனேஜர் வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று எந்த நிமிஷமும் தெறிக்கக் காத்திருந்தது. கவுன்சிலர் வந்தார், சம்பந்தி வந்தார். மாமாவின் உதடு ஓரிரு முறை துடித்தது. "வாங்க, வாங்க. சாப்பிட்டுத்தான் போகணும்" என்பதைத் தாண்டி வேறொன்றும் வரவில்லை. பந்தியிலும் தலைநிமிராமல் சாப்பிட்டார். பார்த்தவர்களுக்குப் பயமாகிவிட்டது. "அண்ணனுக்கு என்ன ஆச்சு? சுகர் ஏறிடுச்சா?" என்று அத்தையிடம் விசாரித்தார்கள்.

அத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "உடம்புக்கு ஒண்ணுமில்லை. இன்னிக்கு வந்தவங்க எல்லாம் திருப்பிக் கொடுக்கற ஆளுங்க, அதான் அவருக்குத் தமாஷ் வரலை. வீட்டுக்குப் போனதும் மொத்தத்தையும் எனக்குச் சேர்த்து வெச்சுக் கொடுப்பார், பாருங்க."