சாம்பாருக்கு அறை இல்லை

ஆபீஸ் பை வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் காட்டுவது 15.6 அங்குல லேப்டாப் அறை. அப்புறம் சார்ஜர் துளை, ரகசிய ஜிப், மழை உறை. டிபன் பாக்ஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறும். நிற்காது, படுக்கும். படுத்தால் சாம்பார் லேப்டாப்பைத் தேடிக்கொண்டு போகும்.

தாம்பரம் – கடற்கரை மின்ரயிலில் காலை எட்டரைக்கு ஏறினால் முதுகுப் பை வயிற்றுப் பையாகிவிடும். இல்லையென்றால், "சார், பையைக் கழட்டுங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். ரகசிய ஜிப்பின் பெருமை டிக்கெட் பரிசோதகர் வரும்போது தெரியும்: சீசன் டிக்கெட் இருக்கும் இடம் சொந்தக்காரருக்கே ரகசியம்.

2021-இல் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று துணிப்பைக்குத் திரும்பச் சொன்னது. அதில் ஜிப் கிடையாது. ஆனால் தூக்குச் சட்டி நிமிர்ந்து நிற்கும். பை வாங்கப் போகிறவர்கள் டிபன் பாக்ஸைக் கையோடு கொண்டு போங்கள், தண்ணீர் நிரப்பி.