காளைக்கே சோதனை உண்டு, மருமகனே

வா மருமகனே, இப்படித் திண்ணையில உக்காரு. உங்காத்தா, அதான் என் தங்கச்சி, விடியுமுன்னே வந்து மூக்கைச் சிந்திட்டுப் போறா. கல்யாணமாகி மூணு வருசமாச்சாம், மருமக வயித்துல ஒரு புழு பூச்சி உண்டாகலையாம், உனக்கு ரெண்டாவதா ஒரு பொண்ணு பாக்கணுமாம். அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு, ராமேஸ்வரத்துல 22 தீர்த்தமும் ஆட வச்சாச்சு. "சரி தாயி, உம் மகனுக்கு என்ன பாத்தீக?"ன்னேன். "அவனுக்கு என்ன கொறச்சல்? மீசையைப் பாருங்கண்ணே"ங்கிறா. மீசையைப் பாத்து விதை வாங்குன சம்சாரி எந்த ஊர்லடா இருக்கான்?

நீ விதைக்கிற ஒட்டுக் கம்பையே எடுத்துக்கோ. அந்த விதையை உண்டாக்குற காட்டுல பொம்பளை வரிசை, ஆம்பளை வரிசைன்னு தனித்தனியா விதைச்சிருப்பான். பொம்பளை வரிசையில போய் நின்னு பாரு. கதிர் வாட்டசாட்டமா இருக்கும், மகரந்தப் பையும் வெளியே தலை நீட்டும். ரெண்டு விரலால கசக்குனா தெரிஞ்சுபோகும் வண்டவாளம். நல்ல கதிர்னா விரல்ல மஞ்சப் பொடி ஒட்டும். இதுல சூம்புன தோலுதான் மிஞ்சும். சூல் இருக்கு, பொடி இல்லை. அமெரிக்காவுல டிஃப்டன்ங்கிற ஊர்ல பர்ட்டன்னு ஒரு விஞ்ஞானி இப்படி ஒரு கம்பை உருவாக்கிக் கொடுத்தார். அதை ஆத்தாளா வச்சுத்தான் லூதியானாவுல 1965-ல ஹெச்.பி.1-ங்கிற ஒட்டுக் கம்பு வந்துச்சு.

கோளாறு எங்கேங்கிறியா? செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கு, செல்லு ஓடுறதுக்குச் சக்தி கொடுக்கிறது அதுதான். அதுல ஒரு மரபணு ஏறுமாறாப் போனா வம்பு. மகரந்தப் பைக்குள்ள ஒரு படலம் செவிலித்தாய் மாதிரி பொடிக்கு ஊட்டி வளர்க்கும். பல பயிர்கள்ல அந்தப் படலம் காலம் தப்பிச் செத்துப்போகும், பொடி பட்டினியில மாளும். மைட்டோகாண்ட்ரியா ஆத்தா வழியாத்தான் வரும்கிறாக. அதாவது ஆத்தா கொடுத்த சீதனம் மகனோட ஆண்மைக்கு உலை வைக்குது! இது செடியோட கதை. உங்காத்தாகிட்டப் போய் ஓதிடாதே, அவ வீட்டு மோர் எனக்கு நின்னுபோகும். அந்தக் கோளாறை அடக்குற மரபணுவை அப்பன் வரிசை கொண்டாரும். அதனாலதான் உன் காட்டுல கம்பு மணி பிடிக்குது.

நெல்லுக்கும் இந்தப் பாடு உண்டு. பூக்குற நேரத்துல சூடு 35 டிகிரியைத் தாண்டுச்சுன்னா மகரந்தப் பை சரியா வெடிக்காது, பொடி உதிராது, கதிரெல்லாம் பதர். பொம்பளைப் பாகம் அந்தச் சூட்டைக் கூடுதலாவே தாங்கும். சூடுபடாத செடியோட பொடியைக் கொண்டாந்து தூவுனா அதே பூ மணி பிடிக்கும். நாம என்னடான்னா பதரைப் பாத்துட்டு நிலத்தை வையுறோம்.

கோவேறு கழுதையைப் பாரு. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இது ரெண்டுக்கும் பிறந்ததுக்கு 63. விந்து உண்டாகும்போது ஜோடி சேர வழியில்லாம பாதியிலேயே நின்னுபோகும். ஆனா மலை மேல மூட்டை சுமக்க அதை அடிச்சுக்க ஆளில்லை, பெட்டையைக் கண்டா கனைப்புக்கும் குறைச்சலில்லை. உடம்பு வேற, வித்து வேற, மருமகனே.

காளைக்கு விதைப்பை ஏன் வெளியே தொங்குது? உடம்புச் சூட்டைவிட ரெண்டு மூணு டிகிரி குறைஞ்சாத்தான் உள்ளே வேலை நடக்கும். ரெண்டு விதையும் கீழே இறங்காம வயித்துக்குள்ளேயே தங்கிட்டா அந்தக் காளை முட்டும், தாவும், கன்னு மட்டும் தராது. சினை ஊசிக்கு வித்து எடுக்கிற பண்ணையில, ஜாதிக் காளையா இருந்தாலும் வித்தை மைக்ராஸ்கோப்புல பாத்து, நீந்துதான்னு சோதிச்சுத்தான் குச்சியில அடைச்சு உறைய வைப்பான். காளை அதுக்கு வெக்கப்பட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டதா நான் கேள்விப்படலை.

மனுசனுக்கும் காரணத்துக்குப் பஞ்சமில்லை. விதையில நரம்பு சுருட்டிக்கும், குழாய் அடைச்சுக்கும், வயசுக்கு வந்த பிறகு வந்த பொன்னுக்கு வீங்கி விதையையும் பதம் பாக்கும், ஒய் குரோமோசோம்ல ஒரு துண்டு பிறவியிலேயே காணாமப் போயிருக்கும். ஜிம்முல எவனோ போட்டுவிடுற ஸ்டீராய்டு ஊசி நெஞ்சை விரிக்கும், விந்தைச் சுருக்கும். கலிபோர்னியாவுல 1977-ல பூச்சிமருந்துத் தொழிற்சாலை ஆளுகளைச் சோதிச்சப்போ பல பேருக்கு விந்தணு ரொம்பக் குறைவு, சிலருக்கு ஒண்ணுமே இல்லை. வேர் நூற்புழுவைக் கொல்ற டி.பி.சி.பி.ங்கிற மருந்து பண்ணுன வேலை அது. நீயும் சட்டையில்லாம, காத்துக்கு எதிரா நின்னு மருந்தடிக்கிற வீரனாச்சே!

பிள்ளையில்லாத தம்பதிகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர்கிட்ட ஆம்பளை பக்கமும் கோளாறு இருக்குன்னு டாக்டருக சொல்றாக. சோதனையும் பெரிய காரியமில்லை. ரெண்டு நாளுக்குக் குறையாம, ஏழு நாளுக்கு மிஞ்சாம சுத்தபத்தமா இருந்துட்டு ஒரு டப்பியில கொடுக்கணும், அம்புட்டுத்தான். விந்தணு மில்லிக்கு 1.6 கோடிக்குக் குறையாம இருக்கணும், அதுக உருப்படியா நீந்தவும் செய்யணும். புதுசா வித்து விளைய ரெண்டரை மாசம் ஆகும். அதனால ஒரு காகிதத்தைப் பாத்துட்டு இடிஞ்சு உக்காராம இன்னொரு தடவையும் பாக்கணும். நரம்புச் சுருட்டுக்கு ஆபரேசன் இருக்கு, அடைப்புக்கும் வழி இருக்கு.

நாளைக்கே அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போ. உனக்கு எல்லாம் சரியா இருந்தா மீசையை இன்னும் ரெண்டு சுத்து முறுக்கிக்கோ, நான் ஏன்னு கேக்கலை. பொண்ணு பாக்கிற பேச்சை மட்டும் உங்காத்தா இன்னையோட விடட்டும். கட்டுனவ இருக்கையில இன்னொருத்தியைக் கட்டுனா அது சட்டப்படி குத்தம். பொடியில கோளாறை வச்சுக்கிட்டு எத்தனை வரிசை நட்டாலும் பதர்தான் விளையும். நடுவுல தாய்மாமன்னு நான் வேற ரெண்டாவது தடவை மொய் எழுதணும்.